பூச்சின் முகமும் முதுகும்

எலும்பு முறிந்தவரைப் பற்றி, 'பிளேட் வைத்திருக்கிறார்கள்' என்கிறோம். இதயக் குழாய் அடைபட்டவரைப் பற்றி, 'ஸ்டென்ட் வைத்திருக்கிறார்கள்' என்கிறோம். இடுப்பு மூட்டு தேய்ந்து போனவருக்கு மூட்டையே மாற்றிவிடுகிறார்கள். உலோகத்தை உடலுக்குள் வைத்துத் தைத்து மூடும் மருத்துவம் இன்று நமக்குப் பழகிப்போன ஒன்று. இவ்வாறு உடலுள் வைக்கப்படும் பொருள்களை இக்கட்டுரையில் உட்பொருத்திகள் என்று அழைப்போம்.

இவற்றைப் பற்றி நாளேடுகளிலும் அறிவியல் இதழ்களிலும் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற செய்தி அடிக்கடி வருவதை வாசகர்கள் கவனித்திருக்கலாம். புதிய பூச்சு ஒன்று ஆய்வுக்கூடத்தில் உருவாகியுள்ளது; அதை உலோகத்தின்மேல் பூசினால் எலும்பு விரைவில் ஒட்டும், அல்லது தேய்மானம் குறையும், அல்லது கிருமி அண்டாது; ஆகவே உட்பொருத்தியின் ஆயுள் இனிப் பெருகும். செய்தி அத்துடன் முடிந்துவிடும்.

இச்செய்திகள் பெரும்பாலும் பொய்யல்ல. ஆனால் அவை பாதிச் செய்திகள் என்பதே நம் குற்றச்சாட்டு. பூச்சுக்கு ஒரு முகம் உண்டு. அது உடலைப் பார்த்திருக்கும். ஒரு முதுகும் உண்டு. அது உலோகத்தோடு ஒட்டியிருக்கும். செய்திகள் முகத்தின் அழகைப் பேசுகின்றன. முதுகு எத்தனை ஆண்டு ஒட்டியிருக்கும் என்று கேட்பதில்லை. கேட்காமல் விட்டதன் விலையை நோயாளிகள் மறு அறுவையாகக் கொடுத்திருக்கிறார்கள். அந்த வரலாற்றைச் சற்றுப் புரட்டிப் பார்ப்போம்.

தோலும் சட்டையும்

உடலின் உட்புறம் உலோகத்துக்கு இனிய இடமன்று. 37 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள உப்புநீரில் அது எப்போதும் நனைந்திருக்கிறது. அந்நீரில் குளோரைடு உண்டு, புரதங்கள் உண்டு, அயற்பொருளைத் தாக்கும் உயிரணுக்களும் உண்டு. சாதாரண இரும்பு அங்கே நிலைக்காது. துருப்பிடிக்கா எஃகு, கோபால்ட்-குரோமியக் கலவை, டைட்டானியம் ஆகியவை நிலைக்கின்றன. காரணம், இவற்றின் மேற்பரப்பில் தாமாகவே உண்டாகும் ஆக்சைடுப் படலம். டைட்டானியத்தின் மீதுள்ள இயற்கைப் படலத்தின் கனம் சில நானோமீட்டர்கள்தாம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கே நானோமீட்டர்.

இந்தப் படலத்தின் பெருமை அதன் மென்மையில் இல்லை, அதன் பிறப்பில் இருக்கிறது. உலோகத்திலிருந்தே அது முளைக்கிறது. கீறல் விழுந்தால், ஆக்சிஜன் கிடைக்கும்வரை, நொடிப்பொழுதில் மீண்டும் மூடிக்கொள்கிறது. நம் உடம்புக்குத் தோல் எப்படியோ, உலோகத்துக்கு அப்படி. ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர் பிரான்மார்க், 1950களில் முயலின் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைப் பின்னர் எடுக்க முயன்றபோது, அது எலும்போடு ஒன்றிப்போயிருக்கக் கண்டார். 1965இல் மனிதருக்கு டைட்டானியப் பல்வேர் பொருத்தினார். இன்றைய பல் உட்பொருத்திகளின் தொடக்கம் அதுவே. அங்கே எலும்பு எதிர்கொண்டது இந்த ஆக்சைடுத் தோலைத்தான்.

வெளியிலிருந்து நாம் பூசும் பூச்சோ தோலன்று, சட்டை. கிழிந்த சட்டை தானாக மூடிக்கொள்ளாது. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால், பின்வருவன எளிதில் விளங்கும்.

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவதைப் பார்த்தவர்கள் இதை ஏற்கெனவே அறிவார்கள். ஈயம் பூசுகிறவர் எடுத்த எடுப்பில் ஈயத்தைத் தொடமாட்டார். முதலில் பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்ப்பார். பிறகு சூடேற்றி, நவச்சாரம் போட்டுத் துடைப்பார். பளபளக்கும் முகப்பு கடைசி நிமிட வேலை. பற்று உண்டாக்குவதே பெரிய வேலை. அந்தப் பற்று கெட்ட இடத்தில் ஈயம் போய், புளி பட்டுக் களிம்பு ஏறும்.

எலும்புக்கு எலும்பின் உப்பு

பூச்சுகளில் மிகுதியாகப் பயன்பட்டது ஹைட்ராக்சிஅபடைட் என்னும் கால்சியம் பாஸ்பேட். எலும்பின் கனிமப் பகுதிக்கு மிக நெருங்கிய உறவுடையது. உலோகத்தின்மேல் எலும்பின் உப்பையே பூசிவிட்டால் எலும்பு அதை அயலாகக் கருதாது என்ற எண்ணம் அழகானது. 1985இல் லண்டனில் பர்லாங் என்னும் அறுவை மருத்துவரும், அடுத்துச் சில மாதங்களில் நெதர்லாந்தில் கீசிங்க் என்பவரும் இத்தகைய பூச்சுடைய இடுப்பு மூட்டுகளைப் பொருத்தத் தொடங்கினர்.

பூசும் முறை கடுமையானது. பத்தாயிரம் பாகையையும் தாண்டக்கூடிய பிளாஸ்மாச் சுடரில் இவ்வுப்பின் பொடியைச் செலுத்துகிறார்கள். பொடி உருகி, உலோகத்தின்மேல் மோதி, தட்டையாகி உறைகிறது. ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்கு முதல் ஏழில் ஒரு பங்கு வரையிலான கனத்தில் அடுக்கு உண்டாகிறது. ஆனால் அந்தச் சூட்டில் உப்பின் ஒரு பகுதி தன் படிக அமைப்பை இழந்துவிடும். ஒரு பகுதி வேறு பாஸ்பேட்டுகளாகச் சிதையும். அமைப்பு இழந்த பகுதி உடல்நீரில் விரைவில் கரையும். ஆகவேதான் அனைத்துலகத் தர விதி, படிகப் பகுதி 45 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது என்றும், பற்றுவலிமை 15 மெகாபாஸ்கலுக்குக் குறையக்கூடாது என்றும் கூறுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோகிராம் இழுவிசையை அந்த ஒட்டு தாங்க வேண்டும் என்பது இதன் பொருள்.

பலன் எப்படி? பூசிய மூட்டுகளைச் சுற்றி எலும்பு விரைந்து வளர்ந்ததை எக்ஸ்-கதிர்ப் படங்கள் காட்டின. முகம் தன் வேலையைச் செய்தது. ஆனால் நோயாளிக்கு வேண்டியது படம் அன்று. மீண்டும் அறுவை மேசைக்குப் போகாதிருப்பதே. ஸ்வீடனில் 1979 முதல் இடுப்பு மூட்டு அறுவைகளுக்கு நாடளாவிய பதிவேடு உண்டு. அதிலிருந்து 8,043 மூட்டுகளை ஆராய்ந்து 2010இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. இடுப்புக் குழியில் வைக்கும் கிண்ணத்துக்கு இவ்வுப்பைப் பூசியிருந்தால், கிருமியின்றித் தளர்ந்து மறு அறுவைக்கு வரும் வாய்ப்பு குறையவில்லை, 1.7 மடங்கு ஆகியிருந்தது. தொடை எலும்புக்குள் இறக்கும் தண்டுப் பகுதியை 4,772 மூட்டுகளில் ஆராய்ந்து அடுத்த ஆண்டு வந்த அறிக்கை, பூச்சால் நன்மையுமில்லை, தீமையுமில்லை என்றது.

பதிவேடு காரணத்தை நிலைநாட்டாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். கிண்ணங்களின் வடிவமும், உள்ளே வைத்த பிளாஸ்டிக்கின் தரமும் கணக்கில் கலந்திருக்கக்கூடும். எனினும், கால் நூற்றாண்டுக் காலம் 'எலும்பு விரைவில் ஒட்டும்' என்று பாராட்டப்பட்ட பூச்சு, மறு அறுவையைக் குறைத்ததா என்ற நேர்க்கேள்விக்கு விடை சொல்ல ஒரு நாட்டின் பதிவேடு தேவைப்பட்டது என்பது சிந்திக்கத் தக்கது.

வைரம் தோற்ற கதை

தேய்மானத்தைக் குறைப்பது பூச்சின் மற்றொரு நோக்கம். செயற்கை இடுப்பு மூட்டில் ஓர் உருண்டை, பாலிஎத்திலீன் கிண்ணத்துக்குள் உருள்கிறது. உருண்டையில் சிறு கீறல் இருந்தாலும் பிளாஸ்டிக் அரைபடும். அந்தத் தூளை விழுங்கும் உயிரணுக்கள் எலும்பைக் கரைக்கத் தூண்டுகின்றன, மூட்டு தளர்கிறது. எனவே, வைரம் போன்ற கடினமும் வழவழப்பும் உள்ள கார்பன் படலத்தை உருண்டைமேல் பூசலாம் என்ற யோசனை எழுந்தது. ஆய்வுக்கூடத்தில் அந்தப் படலம் தேயவில்லை. உடலுக்கு ஒவ்வாமையும் காட்டவில்லை.

1990களில் ஐரோப்பாவில் இத்தகைய உருண்டைகள் நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டன. ஜெர்மனியில் அவ்வாறு பொருத்தப்பட்ட 101 பேரையும், அலுமினாப் பீங்கான் உருண்டை பொருத்தப்பட்ட மற்றொரு குழுவையும் ஒப்பிட்ட ஆய்வு 2003இல் வெளிவந்தது. முதல் ஒன்றரை ஆண்டு இரு குழுவுக்கும் வேறுபாடு இல்லை. அதன்பின் வைரப் பூச்சு மூட்டுகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. எட்டரை ஆண்டுக்குள் அவற்றில் ஏறத்தாழப் பாதி தோற்றுவிட்டன.

ஏன்? சுவிட்சர்லாந்தின் எம்பா ஆய்வு நிறுவனத்தில் ஹவர்ட் என்பவரும் அவர் குழுவினரும், உடலிலிருந்து எடுத்த உருண்டைகளை ஆராய்ந்து 2012இல் விடை கூறினர். கார்பன் படலம் தேயவில்லை. அது உலோகத்தில் பற்றிக்கொள்வதற்காக இடையில் சிலிக்கன் அடிப்படையிலான மிக மெல்லிய அடுக்கு ஒன்று இருந்தது. ஊசித்துளை போன்ற குறைகளின் வழியே உடல்நீர் உள்ளே கசிந்து, அந்த இடை அடுக்கை மெல்ல மெல்ல அரித்தது. அடியில் பிடிமானம் போனதும் மேலேயிருந்த கடினப் படலம் சில்லுசில்லாகப் பெயர்ந்தது. வைரம் போன்ற சில்லுகள் மூட்டுக்குள் விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முகம் மாசற்றிருக்க, முதுகு அரிபட்டுப் பூச்சு வீழ்ந்தது.

இங்கே மாணவர்கள் கூர்ந்து நோக்க வேண்டிய ஒரு கருத்து உண்டு. மூட்டுகளைச் சோதிக்கும் இயந்திரம் நொடிக்கு ஓர் அடி வீதம் ஓய்வின்றி நடக்கும். மனிதர் ஒரு காலில் ஆண்டுக்குச் சுமார் 10 லட்சம் அடி வைப்பதாகக் கொண்டால், ஐந்தாண்டு நடையை இயந்திரம் 58 நாளில் முடித்துவிடும். தேய்மானத்தை அளக்க இது நல்ல வழி; தேய்மானம் அடிகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. ஆனால் அரிமானம் நாள்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இயந்திரம் நடையைச் சுருக்கிவிடலாம். காலத்தைச் சுருக்க அதனால் ஆகாது. ஐந்தாண்டு நடந்த பூச்சு அங்கே இரண்டு மாதம்தான் நனைந்திருந்தது. 'ஐம்பது லட்சம் சுற்றுகள் தாங்கியது' என்று ஒரு செய்தி கூறும்போது, 'எத்தனை நாள் ஊறியது?' என்று திருப்பிக் கேட்கும் பழக்கம் நமக்கு வேண்டும்.

பொன்னும் வெள்ளியும்

பூச்சு கெட்டியாக ஒட்டியிருந்தாலும் தொல்லை தீர்ந்துவிடுவதில்லை. ஒரு நன்மைக்காகப் பூசியது வேறொரு தீமையைக் கொண்டுவரலாம்.

பொன்னைவிட மாசற்ற உலோகம் எது? எக்ஸ்-கதிர்ப் படத்திலும் அது பளிச்செனத் தெரியும். இதை எண்ணி எஃகு ஸ்டென்ட்களுக்குப் பொன்முலாம் பூசினார்கள். ஜெர்மனியில் மியூனிக் நகரில் 731 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாக்கிச் சோதித்தார்கள். முடிவு 2000இல் வெளியாயிற்று. வெறும் எஃகு வைத்தவர்களில் 38.1 விழுக்காட்டினர்க்குக் குழாய் மீண்டும் சுருங்கியது. பொன் பூசிய ஸ்டென்ட் வைத்தவர்களில் 49.7 விழுக்காட்டினர்க்குச் சுருங்கியது. பின்னர்ப் பன்றிகளில் செய்த ஆய்வில், முலாம் பூசியபின் சூடேற்றிப் பதப்படுத்திய ஸ்டென்ட்களில் தீங்கு குறைந்தது. பொருளைக் கேட்டால் போதாது, பூசிய விதத்தையும் கேட்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

வெள்ளியின் கதை இன்னும் நுட்பமானது. வெள்ளி கிருமிகளைக் கொல்லும். 1997இல் அமெரிக்க நிறுவனம் ஒன்று, செயற்கை இதய வால்வைச் சுற்றித் தையலிடும் பாலியெஸ்டர் துணி விளிம்புக்கு வெள்ளி பூசி விற்பனைக்குக் கொணர்ந்தது. இது உலோகத்தின்மேல் பூசியது அன்று என்றாலும் பாடம் ஒன்றே. எண்ணூறுக்குச் சற்று மேற்பட்டோரைக் கொண்ட ஒப்பீட்டுச் சோதனையில், வெள்ளி பூசிய வால்வுகளின் ஓரத்தில் இரத்தம் கசிவது கூடுதலாகத் தென்பட்டது. 2000 ஜனவரியில் வால்வு திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் பல்லாயிரம் பேரின் இதயத்தில் அது அமர்ந்துவிட்டது. கிருமியைக் கொல்லும் வெள்ளி, காயம் ஆறத் துணியினுள் வளர வேண்டிய திசுவையும் தடுத்திருக்கலாம் என்று கருதப்பட்டது.

ஆனால் அதே வெள்ளி மற்றோரிடத்தில் உதவியிருக்கிறது. எலும்புப் புற்றுக்காக நீண்ட எலும்பையே அகற்றி உலோகம் வைக்கும்போது கிருமித்தொற்று பெருந்தொல்லை. ஜெர்மனியின் மியூன்ஸ்டர் மருத்துவர்கள் 2010இல் வெளியிட்ட கணக்கின்படி, வெள்ளி பூசிய உறுப்பு வைத்த 51 பேரில் தொற்று 5.9 விழுக்காடு, வெறும் டைட்டானியம் வைத்த 74 பேரில் 17.6 விழுக்காடு. குழுக்கள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்பதால் இதை இறுதித் தீர்ப்பாகக் கொள்ள முடியாது; நம்பிக்கை தரும் சான்றாகக் கொள்ளலாம். 'வெள்ளி நல்லது' என்றோ 'வெள்ளி கெட்டது' என்றோ பொதுப்படப் பேசுவதில் பொருளில்லை. எந்த உறுப்பில், எந்தத் திசுவின் அருகில், யாருக்கு என்பவற்றோடு சேர்த்துத்தான் பேச வேண்டும்.

துடைக்காத எண்ணெய்

பூச்சுக்குக் குழப்பம் விளைவிக்க நாம் வேண்டுமென்றே பூசியிருக்க வேண்டும் என்பதில்லை. 2000 டிசம்பரில் சுல்சர் நிறுவனம், அமெரிக்காவில் விற்ற இடுப்புக் கிண்ணங்களின் பல தொகுதிகளைத் திரும்பப் பெற்றது. கிண்ணத்தின் வடிவமோ உலோகமோ குறையுடையதன்று. தயாரிப்பின்போது பட்ட இயந்திர எண்ணெயின் மெல்லிய கறை மேற்பரப்பில் எஞ்சியிருந்தது. எலும்பு பற்ற மறுத்தது. ஆயிரக்கணக்கானோர் மறு அறுவை செய்துகொள்ள நேர்ந்தது. இழப்பீட்டுத் தொகை ஏறத்தாழ 100 கோடி டாலர். பாத்திரத்தைத் தேய்க்காமல் ஈயம் பூசலாகாது என்பதை நம் ஊர்த் தொழிலாளி அறிந்திருந்தார். புதிய பூச்சுகளைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் வருகின்றன. கழுவும் முறையைப் பற்றி ஒரு கட்டுரை வருவது அரிது.

அப்படியானால் பூச்சே வேண்டாமா?

அப்படிச் சொல்வது அறிவியல் ஆகாது. சிரோலிமஸ் என்னும் மருந்தைப் பூச்சில் கலந்த ஸ்டென்ட்டை 238 நோயாளிகளில் சோதித்து 2002இல் முடிவு வெளியிட்டார்கள். ஆறாம் மாதத்தில், வெறும் ஸ்டென்ட் வைத்தவர்களில் கால்பங்குக்கு மேற்பட்டோர்க்குக் குழாய் மீண்டும் சுருங்கியிருந்தது. மருந்துப் பூச்சு வைத்தவர்களில் ஒருவருக்குக்கூட இல்லை. சில ஆண்டுகள் கழித்து, அப்பூச்சுகளில் காலந்தாழ்ந்து இரத்தம் உறையும் ஆபத்து இருப்பதாகச் சான்றுகள் வந்தன. 2006இல் பெரும் விவாதம் எழுந்தது. மருந்தைத் தாங்கும் பாலிமரையும் உலோகக் கம்பியின் கனத்தையும் மாற்றி அமைத்தார்கள். இன்று இதயத்தில் வைக்கும் ஸ்டென்ட்களில் மிகப் பெரும்பாலானவை மருந்துப் பூச்சுடையவை. வென்ற பூச்சும் நீண்டகாலக் கண்காணிப்பால்தான் திருந்தியது என்பதைக் கவனிக்க.

சட்டைக்குப் பதில் தோலையே தடிக்கச் செய்யும் வழியும் உண்டு. சிர்கோனியத்தோடு 2.5 விழுக்காடு நையோபியம் கலந்து, காற்றில் சுமார் 500 பாகைக்குச் சூடேற்றினால், மேற்பரப்பே ஐந்து மைக்ரான் அளவுக்குக் கரிய பீங்கானாக மாறுகிறது. உலோகத்திலிருந்தே முளைத்ததால் எளிதில் உரிவதில்லை. அறிவுக்கு இசைந்த ஏற்பாடு. ஆயினும் ஆஸ்திரேலியப் பதிவேட்டின் 17,577 முழங்கால் மூட்டுகளை 12 ஆண்டுக் கணக்கில் ஒப்பிட்டு 2017இல் வெளிவந்த ஆய்வு, இந்தப் பரப்பால் மறு அறுவை குறையவில்லை என்றது. அறிவுக்கு இசைவது வேறு, நோயாளிக்குப் பயன்படுவது வேறு.

வாசகர் கேட்க வேண்டிய கேள்விகள்

புதிய பூச்சைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது நான்கு கேள்விகள் கேட்கலாம். அது உலோகத்தில் எதனால் பற்றியிருக்கிறது? எத்தனை நாள் உப்புநீரில் ஊறியது? எதனோடு ஒப்பிடப்பட்டது, வெறும் உலோகத்தோடா, இன்று வழக்கிலுள்ள நல்ல உட்பொருத்தியோடா? அளந்தது எதை, கண்ணாடித் தட்டில் வளர்ந்த உயிரணுக்களையா, மறு அறுவைக்கு வந்த மனிதர்களையா?

முதல் இரண்டு வினாக்களுக்கு வேதியியலும் பொறியியலும் விடை சொல்லும். பின்னிரண்டுக்கும் விடை சொல்லப் பதிவேடு வேண்டும், பொறுமை வேண்டும். இந்தியாவில் மருத்துவக் கருவிகளால் விளையும் தீங்குகளைத் தெரிவிப்பதற்கான தேசியத் திட்டம் 2015இல் தொடங்கப்பட்டது. மூட்டு மாற்று மருத்துவர்களின் சங்கம் தன் உறுப்பினர்கள் விருப்பத்தோடு தரும் விவரங்களைக் கொண்டு பதிவேடு நடத்துகிறது. விருப்பமுள்ளவர் மட்டும் எழுதும் ஏட்டில், தோல்விகள் முழுமையாகப் பதிவாகும் என்று எதிர்பார்க்க முடியாது. ஸ்வீடன் கண்டதை நாமும் காண வேண்டுமானால், வைத்த ஒவ்வோர் உலோகமும், எடுத்த ஒவ்வோர் உலோகமும் கணக்கில் வர வேண்டும். ஒரு புதிய பூச்சைக் கண்டுபிடிப்பதைவிட இது பகட்டுக் குறைந்த வேலைதான்.

அறுவை முடிந்து வீடு திரும்பும்போது, உள்ளே வைத்த உறுப்பின் பெயரும் எண்ணும் கொண்ட ஒட்டுச்சீட்டு மருத்துவக் குறிப்பேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள். பத்தாண்டு கழித்து அந்தப் பூச்சின் முதுகைப் பற்றி உலகம் ஏதேனும் அறியவந்தால், அந்தச் செய்தி உங்களுக்குரியதா என்று சொல்லக்கூடியது அந்தச் சீட்டு ஒன்றே.